முட்டுச்சந்துகளால் வளரும் நகரம்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு நகரம் எவ்வளவு பரந்துவிட்டது என்பதைச் சதுர கிலோமீட்டரில் சொல்வது வழக்கம். அந்தக் கணக்கில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். தெருவோடு தெரு எப்படிச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதை அளப்பது எளிது. வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை வழிகள் பிரிகின்றன என்று எண்ணிச் சராசரி எடுங்கள். நாற்சந்திக்கு நான்கு, முச்சந்திக்கு மூன்று, முட்டுச்சந்துக்கு ஒன்று. பல நகரங்களில் இந்தச் சராசரி நடுப்பகுதியில் உயர்ந்தும், விளிம்பை நோக்கிப் போகப்போகக் குறைந்தும் இருக்கும்.

நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு 1811இலும், பார்சிலோனாவின் விரிவாக்கத்துக்கு 1859இலும் முதலில் தெருக்களை வரைந்தார்கள். கட்டடங்கள் பிறகு வந்தன. பின்னாளில் பல ஊர்களில் நிலம் துண்டு துண்டாக மனைகளானது. ஒவ்வொரு மனைப்பிரிவும் நெடுஞ்சாலைக்கு ஒரு வாசல் வைத்துக்கொண்டு, பக்கத்து மனைப்பிரிவுக்கு முதுகைக் காட்டியது. பின்சுவர் ஒட்டிய இரு வீடுகளுக்கிடையே ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டிவருவது இப்படித்தான். எல்லா வண்டியும் அந்த ஒரே சாலையில் வந்து விழும். பிறகு அதை அகலப்படுத்தச் சொல்லிக் கூச்சல்!

முட்டுச்சந்தை வெறும் அலட்சியத்தின் விளைவு என்று ஒதுக்கிவிட முடியாது. 1929இல் நியூ ஜெர்சியில் உருவான ராட்பர்ன் குடியிருப்பில், குழந்தைகளைக் காரிடமிருந்து காப்பாற்றவே அதை வைத்தார்கள். வீடுகளுக்குப் பின்னால் பூங்கா வழியாக நடைபாதைகளும் இருந்தன. பின்பற்றியவர்களில் பலர் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டார்கள், நடைபாதையை விட்டுவிட்டார்கள். 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் காப்புறுதி அமைப்பே கட்டம் கட்டமாக ஒன்றையொன்று வெட்டும் தெருக்களைவிட முட்டுச்சந்துகளைப் பரிந்துரைத்தது. அங்கே இந்தப் போக்கு 1990களின் நடுப்பகுதியில்தான் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது.

இறங்கினாலும், போட்ட தெரு போட்டதுதான். 1666ஆம் ஆண்டின் தீயில் லண்டனின் நடுநகரம் எரிந்தபோது, கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் புதிய தெருத்திட்டம் வரைந்து கொடுத்தார். நிலவுரிமை எல்லைகள் குறுக்கே நின்றன. நகரம் பெரும்பாலும் பழைய தடத்திலேயே எழுந்தது.

ஆகவே, கவனம் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் நாளில் வேண்டும். உள்தெருவை நிலத்தின் எல்லைவரை கொண்டுபோய் விடச் சொன்னால், பக்கத்தில் வருபவர் அதில் இணையலாம். ஏற்கெனவே அடைபட்ட இடங்களில் இரு மனைகளுக்கு நடுவே ஆள் நடக்கவும் சைக்கிள் போகவும் ஓர் இடைவழி போதும். மேம்பாலத்தோடு ஒப்பிட்டால் அதன் செலவு சொற்பம். ஆனால் எதிர்ப்பு வரும். அதுவும் முட்டுச்சந்தின் அமைதியில் குடியிருப்பவர்களிடமிருந்தே வரும். அவர்களை முதலில் அழைத்துப் பேச வேண்டும்.