கடைச் சிடியைத் தோற்கடித்த வீடியோ கேம்! புது ராக் ஆல்பம் வந்தால் யார் காதை நம்புவது?

[திரையில்: ஒரு பிளாஸ்டிக் கிட்டார். ஐந்து கலர் பட்டன். விரல்கள் அவசரமாக அமுக்குகின்றன.]

2008 செப்டம்பர் 12. அமெரிக்க ராக் குழுவான மெட்டாலிகா தன் புது ஆல்பத்தை வெளியிடுகிறது. பெயர் 'டெத் மேக்னடிக்'. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ 3' என்கிற வீடியோ கேமிலும் வருகின்றன. காசு கொடுத்துச் சிடி வாங்கியவர்கள் ஒரு பக்கம், பிளாஸ்டிக் கிட்டாரில் பட்டன் தட்டியவர்கள் இன்னொரு பக்கம். இவர்களில் யாருக்கு நல்ல ஒலி கிடைத்தது தெரியுமா?

பட்டன் தட்டியவர்களுக்கு!

இதைக் கண்டுபிடித்தது பத்திரிகை விமர்சகர் இல்லை, ஒலிப்பதிவுக் கம்பெனி இல்லை. சாதாரண ரசிகர்கள்.

வணக்கம் மக்கா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பேசுகிறேன். புது ராக் ஆல்பம் வந்த அன்றைக்கே ரசிகர்கள் சொல்லும் கருத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? இன்றைக்குப் பேச்சு அதைப் பற்றித்தான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலி சரியில்லை என்று ரசிகன் முதல் நாளே சொன்னால் அப்படியே நம்பலாம். பாட்டு சரியில்லை என்று முதல் நாளே சொன்னால், கொஞ்சம் பொறுங்கள் என்பேன். இது இரண்டும் வேறு வேறு விஷயம். இதைக் கலந்து பேசுவதால்தான் நம்ம குரூப்களில் பாதிச் சண்டை.

ராக் கேட்கிறவர்கள் நம்ம பக்கம் இருக்கிறார்களா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாளையங்கோட்டையில் சர்ச் கொயரில் கிட்டார் பிடித்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். இன்ஜினியரிங் ஹாஸ்டலில் சீனியர் கொடுத்த பென் டிரைவில் ஆரம்பித்தவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரு வேலையிலிருந்து பொங்கலுக்கு வந்து மொட்டை மாடியில் ஸ்பீக்கரை வைப்பவர்கள் இருக்கிறார்கள். 2015லிருந்து உலகம் முழுக்கப் புது ஆல்பம் வெள்ளிக்கிழமைதான் வருகிறது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாட்ஸ்அப்பில் தீர்ப்பு வந்துவிடும். "தெறி". "மொக்கை". "பழைய மாதிரி இல்லல". சரி, விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: ஒலி அலையின் இரண்டு படங்கள். ஒன்றில் மேடும் பள்ளமும். இன்னொன்றில் செங்கல் மாதிரி ஒரே கட்டை.]

டெத் மேக்னடிக் வந்ததும் ரசிகர்களுக்கு ஒரே சந்தோஷம். அதற்கு முந்தைய ஆல்பத்தில் கிட்டார் சோலோவே இல்லாமல் இருந்தது. இதில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம். ஆனால் ஹெட்போன் மாட்டிக் கேட்டவர்களுக்கு என்னவோ உறுத்தியது. பாட்டு ஓங்கும் இடங்களில், டிரம் அடி விழும்போதெல்லாம், ஒரு கரகரப்பு. கிட்டாரில் வேண்டுமென்றே சேர்க்கும் டிஸ்டார்ஷன் இல்லை, அது ராக்கில் இருக்க வேண்டியதுதான். இது வேறு. ஒலியே உடைகிற சத்தம். 'தி டே தட் நெவர் கம்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக, தெளிவான கிட்டாரில் ஆரம்பிக்கிறது. பின்பாதியில் வேகம் பிடித்ததும் டிரம்மைக் கவனியுங்கள். அடிக்கு அடி நறநற என்கிறது.

அப்போது கேம் விளையாடிய சிலர் சொன்னார்கள்: "எங்கள் கேமில் இந்தக் கரகரப்பு இல்லையே!" உடனே இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒலி அலையைத் திரையில் விரித்துப் பார்த்தார்கள். சிடியில் அலையின் தலைகள் எல்லாம் சீவி எறிந்த மாதிரி தட்டையாக இருந்தன. கேமில் தலை தலையாகத் தனித்தனியாக நின்றன.

ஏன் இந்த வித்தியாசம்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அந்தக் கேமில் நீங்கள் ஒரு பட்டனைத் தவறவிட்டால், பாட்டில் கிட்டார் மட்டும் நின்றுபோகும், டிரம்மும் குரலும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிச் செய்ய வேண்டும் என்றால் கிட்டார் தனியாக, டிரம் தனியாக, பேஸ் தனியாக, குரல் தனியாக வேண்டும் இல்லையா? அதனால் கேம் கம்பெனிக்குப் பாட்டுகள் பிரித்துப் பிரித்துப் போயின. எல்லாவற்றையும் ஒன்றாக்கி, இறுக்கி, சத்தத்தை உச்சிக்கு ஏற்றும் கடைசி வேலை நடப்பதற்கு முன்னாலேயே போய்விட்டன. ஒரு விளையாட்டின் விதி, ஒரு ஆல்பத்தின் நல்ல ஒலியைக் காப்பாற்றி வைத்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை!

இந்த இறுக்குகிற வேலையை நம்ம ஊர் ஆட்களுக்குப் பாடமாக எடுக்க வேண்டியதே இல்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தால் போதும்.

[திரையில்: கோயில் கொடை. பந்தலுக்கு வெளியே புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்.]

சுடலைமாடன் கோயில் கொடை. வில்லுப்பாட்டு நடக்கிறது. வீசுகோல் வில்லில் விழுகிறது, மணிகள் சிணுங்குகின்றன, குடம் ஒரு பக்கம், உடுக்கு ஒரு பக்கம். உடுக்கு அடிப்பவர் கையைப் பாருங்கள். கதையில் சோகம் வந்தால் விரல் நுனியால் தொட்டுத் தொட்டு அடிப்பார். சாமி வருகிற கட்டம் வந்தால் அதே உடுக்கு இடி இடிக்கும். மெல்லிய அடிக்கும் ஓங்கிய அடிக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் அந்த உடுக்கின் உயிர்.

இப்போது ரேடியோ செட்காரரிடம் வருவோம். பக்கத்துத் தெருக் கொடையில் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. ஊர்ப் பெரியவர் வந்து, "அண்ணாச்சி, நம்ம செட்டு கம்மியா கேக்கு, கூட்டும்" என்கிறார். செட்காரர் வால்யூமைத் திருகுகிறார். ஆம்ப்ளிஃபயர் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கும். முதலில் ஓங்கிய அடிக்கு மட்டும் மினுக்கும். இன்னும் திருகினால் அணையாமல் எரியும். அதற்குமேல் அந்தப் பெட்டியால் சத்தம் தர முடியாது. ஓங்கிய அடி இருந்த இடத்திலேயே நிற்கும். மெல்லிய அடி மட்டும் மேலே ஏறி வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். சோகத்துக்கும் சாமிக்கும் ஒரே உடுக்கு. பாடுகிறவர் குரலும் கிழியும். தூரத்திலிருந்து கேட்டால் பிரமாதமான சத்தம். பந்தலில் உட்கார்ந்து கேட்டால் தலைவலி.

டெத் மேக்னடிக் சிடிக்கு நடந்தது அச்சு அசல் இதுதான். சிடி 1982இல் வந்த சரக்கு. அதற்கு முன்னால் இருந்த இசைத்தட்டில் சத்தத்தை ரொம்ப ஏற்றினால் ஊசியே பள்ளத்தை விட்டுத் துள்ளிவிடும், அதனால் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சிடியில் துள்ள ஊசி இல்லை. ஆனால் உச்சவரம்பு ஒன்று உண்டு, எண்ணில் எழுதிய வரம்பு, அதைத் தாண்ட முடியாது. அந்த வரம்புக்குள்ளே பக்கத்து ஆல்பத்தை விடப் பெரிதாகக் கேட்க வேண்டும் என்று 1990களில் போட்டி முற்றியது. ரேடியோவில் அடுத்தடுத்து ஓடும்போது எந்தப் பாட்டு சத்தமோ அதுதான் காதில் நிற்கும் என்று நம்பினார்கள். பக்கத்துத் தெருக் கொடைப் போட்டியேதான்.

ரசிகர்கள் சும்மா விடவில்லை. ஆல்பத்தைத் திரும்பக் கலந்து வெளியிடுங்கள் என்று இணையத்தில் மனு போட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஆல்பத்துக்குக் கடைசி மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கும் வேலை, செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வரும்போதே ஒலி இறுகித்தான் வந்தது என்று ஒரு ரசிகருக்கு மின்னஞ்சலில் எழுதினார். அந்த மின்னஞ்சல் வெளியே பரவிவிட்டது. ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் பேசிக்கொண்டிருந்த ஒரு சண்டையை, பெரிய பத்திரிகைகள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த ரசிகர்கள்தான். எனக்கு இதில் பெருமையாக இருக்கிறது. நம்மைப் போலக் காசு கொடுத்து வாங்கிக் கேட்கிற ஆட்கள்.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. ஸ்பாடிஃபை, யூடியூப் மாதிரி இடங்களில் எவ்வளவு சத்தமாகச் செய்து கொடுத்தாலும், ஒரு பொது அளவுக்கு அதுவே குறைத்துவிடுகிறது. கத்துகிறவனுக்கு லாபம் இல்லை. அப்படியும் பழக்கம் போகாமல் இறுக்கி இறுக்கி வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குப் புரியவே இல்லை.

மெட்டாலிகா ரசிகர்களின் காது இன்னும் இரண்டு தடவை ஜெயித்திருக்கிறது. 1988 ஆல்பம் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' வந்தபோது, பேஸ் கிட்டாரே கேட்கவில்லை என்றார்கள். உண்மை, கேட்காது. 2003 'செயின்ட் ஆங்கர்' வந்தபோது, ஸ்னேர் டிரம் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். அதுவும் உண்மை. ஸ்னேரின் அடியில் இருக்கிற கம்பிச் சுருளைத் தளர்த்திவிட்டு அடித்த சத்தம் அது. அந்த முழு ஆல்பத்தையும் ரசிகர்கள் சிலர் தாங்களே திரும்ப வாசித்துப் பதிவு செய்து போட்டார்கள். இப்படி எல்லாம் செய்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதுவரைக்கும் ரசிகன் பக்கம். இனி மறுபக்கம்.

[திரையில்: வருடங்கள் மட்டும். 1996. அப்புறம் 2002.]

வீசர் என்று ஒரு குழு. 1994இல் முதல் ஆல்பம், நல்ல வெற்றி. 1996இல் இரண்டாவது, 'பிங்கர்டன்'. முதல் ஆல்பம் மினுமினுப்பாக இருந்தது. இதுவோ கரடுமுரடு, பாடுகிறவன் தன் வெட்கம், பொறாமை, தனிமை எல்லாவற்றையும் அப்படியே கொட்டுகிறான். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை வாசகர்கள் அதை அந்த வருடத்தின் மோசமான ஆல்பங்களில் மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்தார்கள். சரி, இப்போது உட்கார்ந்து கேளுங்கள். 2002இல் அதே பத்திரிகை வாசகர்கள் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆல்பங்களுக்கு வாக்களித்தார்கள். பிங்கர்டனுக்கு 16ஆம் இடம்!

ஆல்பத்தில் ஒரு நொடிகூட மாறவில்லை. அதே பத்துப் பாட்டுகள். ஆறு வருடத்தில் கேட்கிறவர்கள் மாறினார்கள். டீன் ஏஜில் அதைத் தனியாக அறையில் கேட்டு வளர்ந்த பையன்கள் வாக்களிக்கிற வயதுக்கு வந்தார்கள். முதல் நாள் ரசிகன் பழைய ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதிதை அளக்கிறான். அந்த அளவுகோல் கையில் இருக்கிற வரைக்கும் புதுப் பாட்டு காதுக்குள் போகவே போகாது.

லிங்கின் பார்க் குழுவின் 'ஃப்ரம் ஜீரோ', 2024 நவம்பரில் வந்தது. அந்தக் குழுவின் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017இல் இறந்துபோனார். இதில் அவர் இடத்தில் எமிலி ஆம்ஸ்ட்ராங் பாடுகிறார். வந்த அன்று நான் பார்த்த கருத்துகளில் பெரும்பாலானவை செஸ்டரைப் பற்றியவை, ஆல்பத்தைப் பற்றியவை இல்லை. அந்தத் துக்கத்தை நான் மதிக்கிறேன். நானும் அந்தக் குரலோடு வளர்ந்தவன். ஆனால் அது விமர்சனம் ஆகாது.

அதே மாதம் முதல் தேதி தி க்யூர் குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' வந்தது. 16 வருடம் கழித்து ஒரு ஆல்பம், வெறும் எட்டுப் பாட்டு. முதல் பாட்டில் மூன்று நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்கிறார். கடைசிப் பாட்டில் ஆறு நிமிடத்துக்கு மேல் கழித்து! "எப்பல பாடுவான்?" என்று எங்கள் குரூப்பில் ஒருவர் கேட்டார். மக்கா, நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் பிறந்த சீமை இது. ராக ஆலாபனைக்காக விடிய விடியக் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஆறு நிமிடம் பெரிதா? அந்த ஆறு நிமிடம் டிரம்மும் கிட்டாரும் சேர்ந்து ஒரு வீட்டைக் கட்டுகின்றன. அவர் பாட வரும்போது அந்த வீடு ஏற்கெனவே இருட்டிவிட்டது. நேராகப் பாட்டு வரும் இடத்துக்கு ஓட்டிப் பார்த்தால் ஒன்றுமே புரியாது. என் கணக்கில் சமீபத்தில் வந்த ராக் ஆல்பங்களில் இதுதான் முதலிடம். சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம்.

ஒலியைப் பற்றிக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு வேண்டுகோள். எதில் கேட்டீர்கள் என்று பாருங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுப் பேஸ் இல்லை என்று எழுதாதீர்கள். அந்தக் குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு கீழ் ஒலியைத் தரவே முடியாது. ஜங்ஷனிலிருந்து தென்காசிக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டால், மெல்லிய இடங்களை எல்லாம் இன்ஜின் தின்றுவிடும். உங்களுக்கு மிஞ்சுவது ஓங்கிய இடம் மட்டும். ராத்திரி வீடு அடங்கினதும் ஒரு சுமாரான ஹெட்போன் மாட்டுங்கள். சத்தத்தைப் பாதியில் வையுங்கள். அப்படியும் கரகரத்தால் தப்பு உங்கள் காதில் இல்லை, உடனே எழுதுங்கள். எத்தனையாவது நிமிடம், எந்த வாத்தியம் என்று குறித்து எழுதுங்கள். கேம் ரசிகர்கள் செய்தது அதைத்தான்.

பாட்டுக்கு ஒரு மாதம் கொடுங்கள்.

இப்போது கமெண்டுக்கு வாருங்கள். வந்த அன்று திட்டிவிட்டு இன்றைக்கு விடாமல் கேட்கிற ராக் ஆல்பம் உங்களிடம் எது? ஆல்பம் பெயர், முதலில் எதில் கேட்டீர்கள், மனது மாறியது எந்தப் பாட்டில், இந்த மூன்றையும் எழுதுங்கள். அதிகம் பேர் சொல்கிற ஆல்பத்தை எடுத்து, அடுத்த வீடியோவில் பாட்டுப் பாட்டாகக் கேட்போம். சர்ச்சிலோ கொடையிலோ சவுண்டு பார்க்கிற அண்ணாச்சிமார் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நீங்களும் எழுத வேண்டும், உங்கள் கையில்தான் அந்த வால்யூம் இருக்கிறது.