மெழுகுவர்த்தி என்ன விலை?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மாத நாவல் எழுதுகிறவள். காதல் கதைகள்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு அது தெரிந்துவிட்டால் போதும், பாயசம் வருவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "இதெல்லாம் உங்களுக்கு எங்கேயிருந்துங்க வருது?" வாய் கேட்பது இதை. மனசு கேட்பது, கதையில் வருகிற அந்த ஆள் யார் என்பதை. என் வீட்டுக்காரர் இந்தப் பக்கத்து இலையில், எதுவும் காதில் விழாதவர் மாதிரி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பார்.

எனக்கு இதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வந்ததே இல்லை. காதல் கதை எழுதுகிறவரின் எழுத்து வாழ்க்கையைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து அழைத்தபோது, என் கதையை விட்டுவிட்டு, இந்தத் தொழிலில் எனக்குப் பாட்டி முறை ஆகிற ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். பெயர் ஜார்ஜெட் ஹேயர். உங்களுக்குப் புடவை ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் அதுதான் வந்தது. காலேஜில் படிக்கிறபோது வாடகை நூலகத்தில், அட்டை கிழிந்து பழுப்பேறிய ஒரு புத்தகத்தின் மேல் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, இது என்ன ஜவுளிக்கடை சமாசாரமா என்று எடுத்தேன். மூன்று நாளில் திருப்ப வேண்டிய புத்தகம். பத்து நாள் அபராதம் கட்டினேன்.

ஹேயர் 1902ல் லண்டனை ஒட்டிய விம்பிள்டனில் பிறந்தவர். அவருக்குப் பதினேழு வயதாகும்போது தம்பி போரிஸ் உடம்பு முடியாமல் படுத்திருந்தான். ரத்தம் சரியாக உறையாத நோயில் ஒரு வகை அவனுக்கு. பையனுக்குப் பொழுது போக வேண்டுமே என்று அக்கா ஒரு கதையைத் தொடராகச் சொல்ல ஆரம்பித்தார். வழிப்பறிக்காரனாகிவிட்ட ஒரு பிரபு வீட்டுப் பிள்ளையின் கதை. கூட உட்கார்ந்து கேட்ட அப்பாவுக்குப் பிடித்துப்போய், இதை அச்சுக்குத் தயார் பண்ணு என்றார். 1921ல் 'தி பிளாக் மாத்' புத்தகமாக வந்தது. எழுதியவருக்கு வயது பத்தொன்பது.

அதுவரை விளையாட்டு. 1925ல் எல்லாம் மாறிப்போனது. ரொனால்ட் ரூஜியே என்ற சுரங்கப் பொறியாளரோடு நிச்சயம் ஆகி ஒரு மாதத்தில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பென்ஷன் கிடையாது. தம்பிகள் இரண்டு பேருக்கும் வயது பத்தொன்பது, பதினான்கு. அவர்கள் பொறுப்பு அக்கா தலையில். இரண்டு மாதம் கழித்து ஆடம்பரமில்லாமல் ஒரு கல்யாணம். அப்புறம் 1929ல் கணவர் சுரங்க வேலையை விட்டார். எரிவாயு, விளக்கு என்று ஒரு தொழில் தொடங்கினார், அது படுத்துவிட்டது. அத்தைமார்களிடம் கடன் வாங்கி ஒரு விளையாட்டுச் சாமான் கடை போட்டார்கள். வீடு ஓடியது என்னவோ ஹேயரின் பேனாவில்தான். வருஷத்துக்கு ஒரு காதல் கதை, ஒரு துப்பறியும் கதை. துப்பறியும் கதைக்கு முடிச்சுப் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் கணவர். ஆட்களுக்கு உயிர் கொடுப்பது மனைவி. காதல் கதை 1,15,000 பிரதி போனால் துப்பறியும் கதை 16,000 போகும். காதல் கதைக்கு ஊற்று எங்கே என்று கேட்கிறவர்களிடம், மளிகைக் கடை பாக்கியில் என்று சொன்னால் நம்புவார்களா?

கணவர் வேலையில் இருந்த காலத்தில் தாங்கனிக்காவுக்கு, அதாவது இன்றைய தான்சானியாவுக்கு, மாற்றிவிட்டார்கள். ஹேயரும் பின்னாலேயே போனார். புதர்க்காட்டுக்கு நடுவே யானைப்புல் வேய்ந்த குடிசை. அதற்குள் உட்கார்ந்துகொண்டு 1745ஆம் வருஷத்து இங்கிலாந்தை எழுதினார். 'தி மாஸ்கரேடர்ஸ்' என்ற நாவல். கையில் வேண்டிய புத்தகங்கள் கிடையாது. பின்னால் சரிபார்த்தவர்களுக்குக் கிடைத்த காலப்பிழை ஒன்றே ஒன்று: வைட்ஸ் என்ற லண்டன் கிளப்பை ஒரு வருஷம் முன்னதாகவே திறந்துவைத்துவிட்டார். அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் ஆரம்ப கால நாவல் ஒன்றில், மார்கழி மாசம் விடியற்காலையில் கதாநாயகன் தெருமுனைப் பூக்காரியிடம் அஞ்சு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு ஓடுவான். சட்டைப் பையில் இருந்த சில்லறைக்கு! ஒரு அம்மா போஸ்ட்கார்டு போட்டிருந்தார். "மார்கழிப் பனியில் இவ்வளவு சல்லிசாக மல்லி விற்கிற ஊரைச் சொன்னால் நாங்களும் குடிவருகிறோம்." பனிக்காலத்தில் மல்லிகை வரத்து சுருங்கி விலை எகிறும் என்பது பூ வைக்கிற யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எழுதும்போது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கையில் இருந்த பூவைப் பார்க்கவில்லை.

ஹேயர் பூவைப் பார்க்கிறவர். அவர் பேர் வாங்கியது ரீஜன்ஸி காலத்துக் கதைகளில். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கியதால் மகன் பதில் ஆளாக ஆண்ட 1811 முதல் 1820 வரையான காலம் அது. அந்தக் காலத்திலேயே வாழ்ந்த ஜேன் ஆஸ்டனுக்கு மெழுகுவர்த்தி விலையைத் தேடிப் போக வேண்டிய அவசியமில்லை, வீட்டுக் கணக்கிலேயே இருந்திருக்கும். ஹேயர் எழுதியது நூறு வருஷத்துக்கும் அப்புறம். அதனால் நோட்டுப் போட்டார். அழகு சாதனம், நிறங்கள், உடுப்பு, தொப்பி, வீட்டுச் சாமான், விலைவாசி, கடைகள் என்று தலைப்புத் தலைப்பாக. இன்ன வருஷத்தில் மெழுகுவர்த்தி என்ன விலை என்பதுகூட அதில் உண்டு. யாரை எப்படி விளிக்க வேண்டும் என்பதற்கு ஒரு தலைப்பு. எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு தலைப்பு: கொஞ்சல் வார்த்தைகள். காதலனும் காதலியும் அந்தக் காலத்தில் என்ன சொல்லிக் கொஞ்சிக்கொண்டார்கள் என்பதைத் தொப்பிக்கும் பாத்திரத்துக்கும் போட்ட மாதிரியே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். அவர் இறந்தபோது வீட்டில் ஆயிரத்துக்கும் மேல் வரலாற்றுப் புத்தகங்கள் இருந்தன.

வாட்டர்லூ போரை வைத்து 1937ல் 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' எழுதினார். அந்தப் போரில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு அதில் ஒரு பாத்திரம். அவர் எழுதும் தோரணையைப் பிடிக்க வேண்டும் என்று அவர் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றை விலைக்கு வாங்கினார் ஹேயர். கதையில் வெலிங்டன் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அவர் நிஜமாகவே பேசியதோ எழுதியதோதான் என்று சொன்னார். காதல் கதைக்காரி எழுதிய போர்க்காட்சியை சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர்களுக்குப் பரிந்துரை செய்தார்கள்.

இந்த நோட்டுப் பழக்கம் ஒரு முறை வேடிக்கையாகவும் கைகொடுத்தது. 1961ல், வேறொருவர் உங்களை மாதிரியே எழுதுகிறார் என்று தகவல் வந்தது. வாசகர்கள் சிலர், நீங்கள்தான் புனைபெயரில் மட்டமாக எழுதித் தள்ளுகிறீர்களா என்று இவரையே கோபித்துக்கொண்டார்கள். ஹேயர் உட்கார்ந்து பட்டியல் போட்டார். பொதுமக்களுக்குக் கிடைக்காத, தனிச்சுற்றுக்கு அச்சான ஒரு நினைவுக்குறிப்பில் தான் கண்டெடுத்த சொல்வழக்கு அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வந்தது. அதைவிட, 'வரலாற்றுச் சம்பவம்' என்று அங்கே வந்த ஒன்று ஹேயர் தன் நாவலுக்காகச் சொந்தமாகக் கற்பனை செய்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வழக்குப் போடலாம் என்று வக்கீல்கள் சொன்னார்கள், அவர் போடவில்லை.

விளம்பரமே ஆகாது அவருக்கு. 1926ல் 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' வந்த நேரம் இங்கிலாந்தில் பொது வேலைநிறுத்தம். மதிப்புரை இல்லை, விளம்பரம் இல்லை. ஆனாலும் 1,90,000 பிரதி விற்றது. சரி, நான் மேடை ஏறாமலே புத்தகம் போகிறது, பிறகு எதற்கு ஏற வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். கடைசிவரை பேட்டி கிடையாது. திருமதி ரூஜியே என்பதுதான் அவர் குடும்பப் பெயர் என்று வாசகர்கள் தெரிந்துகொண்டதே 1974ல் இரங்கல் செய்தியில்தான். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்வது எனக்கே கொஞ்சம் ஒருமாதிரி இருக்கிறது.

எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டேன். அவர் உலகத்தில் வேலைக்காரர்கள் பெரும்பாலும் சிரிப்பு மூட்டத்தான் வருவார்கள். 1950ல் எழுதிய ஒரு நாவலில் யூத வட்டிக்கடைக்காரரைக் காட்டியிருக்கிற விதம் படிக்கவே கூசும். அதுவும் யூதர்களுக்கு அவ்வளவு நடந்து முடிந்து ஐந்தே வருஷத்தில். மெழுகுவர்த்தி விலையைச் சரிபார்த்தவர் இதைச் சரிபார்க்கவில்லை.

அவருக்கும் தன் மேல் ஒரு குறை இருந்தது. காதல் கதையை அவர் பெரிதாக மதிக்கவில்லை. இங்கிலாந்தை ஆண்ட லங்காஸ்டர் வம்சத்தைப் பற்றி, 1393 முதல் 1435 வரை, மூன்று பாகமாக ஒரு கனமான வரலாற்று நாவல் எழுத ஆசைப்பட்டார். வாசகர்கள் அடுத்தது எங்கே என்று நச்சரிப்பார்கள்; வருமான வரி பாக்கி வேறு. அதை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு காதல் கதை எழுதுவார். முதல் பாகம்கூட அவர் காலத்துக்குப் பிறகுதான் வந்தது.

1944ல் வந்த 'ஃப்ரைடேஸ் சைல்ட்' என்ற நாவலைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார்: இந்த மாதிரி அபத்தம் எழுதியதற்கு என்னைச் சுட வேண்டும், ஆனால் குண்டுவீச்சுப் பதுங்குகுழியில் இருந்தாலோ, ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்தாலோ, எனக்கும் இது பிடிக்கும். பல வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ருமேனியாவில் அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண் எழுதியது. சிறையில் பன்னிரண்டு வருஷம், தனக்கும் கூட இருந்தவர்களுக்கும் சித்தம் கலங்காமல் இருக்க, இந்த நாவலின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். வந்த வாசகர் கடிதங்களில் ஹேயர் பத்திரப்படுத்தி வைத்தது அந்த ஒன்றைத்தான். போரிஸுக்குச் சொன்ன மாதிரியே, படித்துக் காட்டாமல் வாயால் சொன்ன கதை.

நானும் இப்போது நோட்டுப் போட்டிருக்கிறேன். பூ விலைக்குத் தனிப் பக்கம். போன வாரம் ஒரு அத்தியாயத்துக்காக பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். "எங்கம்மா போகணும்?" என்றார் நேரக்காப்பாளர். நான் போகவில்லை, என் கதாநாயகன் போகிறான், அதுவும் அந்த பஸ்ஸைத் தவறவிடத்தான் போகிறான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "தஞ்சாவூர்" என்று ஏதோ வாயில் வந்ததைச் சொன்னேன். "சீக்கிரம் ஏறுங்க, எடுக்கப்போறாங்க" என்று விசில் ஊதி பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

ஏறிவிட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கினேன்.

நன்றி, வணக்கம்.