வலி அடங்கினாலும் எலும்பு கரையும்

நேயர்களுக்கு வணக்கம். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை, ஒரு மணி நேரம் போனால்தான் பால் பாக்கெட்டைப் பிரிக்கவே வருகிறது என்று சொல்லி எங்களிடம் வருகிறவர்கள் நிறைய. பலருக்கு அது முடக்குவாதம், அதாவது மூட்டுச் சவ்வு அழற்சியால் வீங்கும் நோய். ஓரிரு வருடம் வலி மாத்திரையிலேயே ஓட்டிவிட்டு வருவார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால், விரல் முட்டியின் ஓரத்தில், குருத்தெலும்பு மூடாத சின்ன இடத்தில் எலும்பு அரித்துப் போயிருக்கும்.

வலி மாத்திரை சாப்பிட்டும் ஏன் இப்படி? எலும்பு சும்மா கிடக்கும் பொருள் இல்லை. பெரியவர்களுக்கும் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் கரைந்து புதிதாகிறது. கரைப்பது ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல், கட்டுவது ஆஸ்டியோபிளாஸ்ட். ஓரிடத்தைக் கரைக்க இரண்டு மூன்று வாரம் போதும். திரும்பக் கட்ட மூன்று நான்கு மாதம் வேண்டும். அதனால் கரைக்கிறவை கொஞ்சம் கூடினாலே கணக்கு உதைக்கும்.

1972-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், தூண்டிவிட்ட வெள்ளை அணுக்கள் வளர்ந்த திரவத்தை எடுத்து எலும்புத் துண்டின் மீது விட்டார்கள். எலும்பு கரைந்தது. அந்த அணுக்களைத் தூண்ட அவர்கள் பயன்படுத்தியவற்றில் ஒன்று, நம் பல்லில் படிகிற அழுக்கு! ஈறு நோயில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதும் இதே வழியில்தான்.

இப்படி வெள்ளை அணுக்கள் விடுகிற டிஎன்எஃப், இண்டர்லூகின்-1, 6, 17 ஆகியவை அழற்சியைப் பரப்பும் மூலக்கூறுகள். வீங்கிய மூட்டுச் சவ்வில் இவை ரேங்க்எல் என்ற புரதத்தைக் கூட்டிவிடுகின்றன. அது பட்டதும், ரத்தத்திலிருந்து வந்த செல்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிய ஆஸ்டியோகிளாஸ்டாகி எலும்பில் ஒட்டிக்கொள்ளும். ஓரத்தை இறுக்கி அடைத்துக்கொண்டு உள்ளே அமிலத்தைச் சுரக்கும். சுண்ணாம்புச் சத்து கரையும். மிஞ்சிய கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை ஒரு நொதி அரிக்கும். ரேங்க்எல்லைப் பிடித்து வைக்க உடம்பில் இன்னொரு புரதம் உண்டு, ஆனால் அழற்சியில் அது ஈடு கொடுக்காது. போதாக்குறைக்கு, டிஎன்எஃப் கட்டுகிற செல்களையும் தடுக்கிறது.

ரேங்க்எல்லைத் தடுக்கும் டெனோசுமாப் என்ற ஊசியை முடக்குவாத நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தபோது எலும்பு அரிப்பு குறைந்தது, மூட்டு வீக்கம் அப்படியே இருந்தது. மாறாக டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசியில், வலி பெரிதாகக் குறையாத சிலருக்கும் எலும்பு தப்பியது. வலி ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். சாதாரண வலி மாத்திரை இந்தச் சங்கிலியை அறுப்பதில்லை. அறுக்கிற முதல் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட், விலையும் குறைவு. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். அப்புறம், அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். நன்றி, வணக்கம்.