பதில் நன்றாக வந்தது, மூடி வரவில்லை

வணக்கம் மக்களே. லைட் டெஸ்ட் வீடியோவுக்குக் காத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு மைக் பெட்டியின் மூடி. ஆமாம், மூடிதான். அதைப் பேசித் தீர்க்காமல் எனக்கு வேறு வேலை ஓடாது.

என் வயர்லெஸ் மைக் உங்களுக்குத் தெரியும், காலரில் மாட்டிக்கொண்டு எல்லா வீடியோவிலும் வருவேனே, அதுதான். அதன் சார்ஜிங் பெட்டியில் மூடியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி உடைந்துவிட்டது. நகத்தளவுகூட இல்லாத பிளாஸ்டிக். ஆனால் மூடி அழுத்தினால்தான் மைக் உள்ளே ஒழுங்காக உட்காரும், சார்ஜ் ஏறும். பெட்டி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கம்பெனியிடம் சாட்டில் கேட்டேன்.

சேவையில் ஒரு குறை சொல்ல முடியாது. உடனே பதில் வந்தது. படம் அனுப்பியதும் எந்தக் கொக்கி என்று அந்தப் பெண்ணே சொன்னார். வருத்தப்பட்டார், மேலே கேட்டுப் பார்த்தார், மறக்காமல் திரும்பி வந்தார். கடைசியில் பதில்: பெட்டியைத் தனியாக விற்பதில்லை, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும். நன்றாக வேலை செய்கிற இரண்டு மைக்கையும் ரிசீவரையும் டிராயரில் போட்டுவிட்டு இன்னொரு செட்! அட, ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. நான் இலவசமாகக் கேட்கவில்லை, காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் கேட்டேன்.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கம்பெனி வாடிக்கையாளரை மதிக்கிறதா? அந்தப் பெண் மதிக்கிறார், சந்தேகமே இல்லை. ஆனால் பெட்டியைத் தனியாக விற்க வேண்டாம் என்று முடிவெடுத்த அறையில் என்னைப் போன்ற ஆளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சேவை நோக்கு என்பது நான் வாசலில் வந்து நின்ற பிறகு என்னை எப்படி நடத்துகிறார்கள் என்பது. வாடிக்கையாளர் நோக்கு அதற்கு வெகுமுன்பே, பொருளை வரையும்போதும் விலை வைக்கும்போதும் உதிரிப் பாகம் எதை ஸ்டாக் வைப்பது என்று பேசும்போதும் தெரிந்துவிடும்.

இந்த இரண்டையும் ஆராய்ச்சியாளர்களும் தனித்தனியாகத்தான் அளந்திருக்கிறார்கள். 1982ல் சாக்ஸ், வைட்ஸ் என்ற இருவர் விற்பனையாளர்களின் வாடிக்கையாளர் நோக்கை அளக்க 24 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். வாங்குபவருக்கு உண்மையில் எது தேவையோ அதற்கு உதவுகிறாரா, இல்லை எப்படியாவது தலையில் கட்டப் பார்க்கிறாரா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 1990ல் நார்வர், ஸ்லேட்டர் என்ற இருவர் முழு நிறுவனத்தையும் அளக்க ஓர் அளவுகோல் செய்தார்கள். வாடிக்கையாளரைப் புரிந்துகொள்வது, போட்டியாளரைக் கவனிப்பது இரண்டோடு, துறைகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதையும் சேர்த்தார்கள். எனக்கு அந்த மூன்றாவதுதான் பிடித்தது. சாட்டில் இருப்பவருக்குத் தெரிந்தது டிசைன் செய்பவர் காதுக்குப் போகிறதா? என் மூடி விஷயத்தில் போகவில்லை என்று அடித்துச் சொல்வேன்.

சேவை நோக்கு என்றால் சிரித்துப் பேசுவது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், அது அநியாயம். 1998ல் அதற்கென்று வந்த ஓர் அளவுகோலில் 10 கூறுகள் உண்டு. ஊழியருக்குப் பயிற்சி, முடிவெடுக்கும் உரிமை, தவறு நடந்தால் சரிசெய்வது, நடக்காமலே தடுப்பது எல்லாம் அதில் வரும். அதாவது அந்தப் பெண்ணுக்கு ஒரு பெட்டியை அனுப்பிவைக்கும் அதிகாரம் இருந்திருந்தால் சேவை நோக்கு மட்டுமே என் பிரச்சினையைத் தீர்த்திருக்கும். எனக்கு மட்டும். கொக்கி உடைந்த அடுத்த ஆள் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.

அப்புறம் அந்த சர்வே. எனக்கு இதைக் கண்டாலே ஆகாது. எங்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை சொல்லுங்கள் என்று மெயில். 2003லிருந்து புழங்கும் கணக்கு இது. 9, 10 போட்டால்தான் நீங்கள் அவர்கள் கட்சி. 7, 8 போட்டால் கணக்கில் எந்தப் பக்கமும் சேர மாட்டீர்கள். 6 போட்டால்கூட எதிரி! பாதிக்கு மேல் மார்க் கொடுத்தோமே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். சரி, நான் என்ன போடுவது? கம்பெனிக்கு 2 போடலாம் என்றால் அந்த மெயிலில் மேலேயே அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது. என் கோபம் அவர் தலையில் விடியும். 10 போட்டால் மூடி விஷயம் வெற்றிகரமாக முடிந்தது என்று எங்கோ ஒரு கட்டத்தில் பச்சை ஏறும். எதுவும் போடாமல் மூடிவிட்டேன், மெயிலைச் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிர், என் ட்ரைபாட் கம்பெனி. எத்தனை வீடியோவில் புகழ்ந்திருக்கிறேன்! அவர்களுக்கு மெயில் போட்டால் வணக்கம்கூட இருக்காது, ஒரு வரியில் பதில், அதுவும் ஆற அமர வரும். ஆனால் ஒவ்வொரு திருகுக்கும் கைப்பிடிக்கும் எண் போட்டுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், எதுவும் தனியாக வாங்கலாம். மேலே கேமரா மாட்டுகிற திருகு எல்லோரும் பயன்படுத்தும் அதே கால் அங்குல அளவு. உடைந்தால் யாரையும் கெஞ்ச வேண்டாம். அந்த மெயில்கூட நான் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் போட்டது.

நீ எது வேண்டும் என்கிறாய் என்று கேட்டால், பொருள் வாங்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ட்ரைபாட்காரர்தான். ஆனால் ஆஸ்பத்திரி, வங்கி, விமானம் என்று வந்தால் இப்படிப் பேச மாட்டேன். அங்கே நம்மை நடத்தும் விதமே நாம் வாங்கும் பொருளில் பாதி, ஒரு வரி மெயில் அங்கே செல்லாது.

சரி, லைட் வீடியோ அடுத்து கண்டிப்பாக வரும். அதன் பின்பக்கத்து பட்டனைப் பற்றி இப்போதே ஆரம்பித்தால் இந்த வீடியோ முடியாது. வருகிறேன்.