இன்னும் 60 கிலோமீட்டர் ஓடுமா?

வணக்கம் நேயர்களே. கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் கார் பட்டறை வைத்திருப்பவன் நான். ஜாமில் மாட்டிக்கொண்டு இதைக் கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். வண்டி நிற்கும்போது மீட்டரை ஒரு தரம் பாருங்கள். எண்ணெய் அளவு காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 214 என்றோ 60 என்றோ. மிச்சமிருக்கும் பெட்ரோலில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று சொல்கிற எண்.

பட்டறைக்கு வருகிறவர்கள் அதிகமாகச் சண்டை போடுவது இந்த எண்ணோடுதான். "அண்ணே, 40 காட்டுச்சு, பத்து கிலோமீட்டர் போறதுக்குள்ள சைபர் ஆயிடுச்சு" என்பார் ஒருவர். இன்னொருவருக்கு நேர்மாறான புகார்: "ராத்திரி 90 இருந்துச்சு, காலையில 110 காட்டுது. யாராவது எண்ணெய் ஊத்திட்டுப் போயிட்டாங்களா?" ஊற்றிவிட்டுப் போகிற நல்லவர் யாரும் செந்தூலில் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த எண் ஒரு பெருக்கல் கணக்கு, அவ்வளவுதான். டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, இரண்டையும் பெருக்கிக் காட்டுகிறது. இதில் முதலாவது காருக்குச் சுமாராகத்தான் தெரியும். இரண்டாவது நன்றாகவே தெரியும், ஆனால் வந்த பாதைக்குத்தான் தெரியும். போகப்போகிற பாதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் அம்மா அரிசி டப்பாவைத் திறந்து பார்த்து, "இது இன்னும் பத்து நாளைக்கு வரும்" என்று சொல்வதில்லையா? போன வாரம் ஆக்கிய அளவை வைத்துச் சொல்கிறார். நாளைக்கே ஜொகூரிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்து இறங்கினால், அம்மா சொன்னது பொய் என்று யாரும் சொல்லமாட்டோம்.

முதலில் அந்த லிட்டர் கணக்கைப் பார்ப்போம். டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஒரு கம்பியில் ஏறி இறங்கும். அதற்கேற்ப மின்தடை மாறும். அதைப் படித்துத்தான் கார் அளவு சொல்கிறது. டேங்க் சதுரப் பெட்டியாக இருந்தால் கணக்கு சுலபம். ஆனால் அது பின் சீட்டுக்கு அடியில், புகைக்குழாய்க்கும் அச்சுக்கும் இடம் விட்டு, வளைந்தும் நெளிந்தும் உட்கார்ந்திருக்கிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது மிதவை மேல்தட்டில் முட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. சில லிட்டர் குறைந்த பிறகுதான் அது இறங்கவே ஆரம்பிக்கும். முதல் பாதி நிதானமாகக் குறைந்து, மறுபாதி ஓட்டமாக ஓடுகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். சரிவில் நிறுத்தினால் எண்ணெய் ஒரு பக்கமாகச் சாயும், மிதவையும் ஏமாறும். ராத்திரி 90, காலையில் 110 என்று வந்தவரின் வீடு மேட்டில் இருக்கிறது. அந்த மர்மத்துக்குப் பேய் பிசாசு எதுவும் தேவையில்லை.

அடுத்தது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. இதில் கார் கெட்டிக்காரன். இன்ஜினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் திறந்தது என்று காரின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதை வைத்து எண்ணெய் எவ்வளவு போனது என்று கூட்டிவிடும். பிரச்சினை சராசரியில் இருக்கிறது. கடைசியாக ஓடிய எவ்வளவு தூரத்துக்குச் சராசரி எடுப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குறுகிய தூரத்துக்கு எடுத்தால் எண் குதித்துக்கொண்டே இருக்கும்; நீண்ட தூரத்துக்கு எடுத்தால் நிலைமை மாறியதே அதற்குத் தாமதமாகத்தான் உறைக்கும்.

கெந்திங் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். மைவி என்ற சிறிய கார் ஒன்று, உள்ளே நான்கு பெரியவர்கள், மொத்தம் ஏறக்குறைய 1,300 கிலோ. கெந்திங் உச்சி சுமார் 1,800 மீட்டர் உயரம். நம் கோலாலம்பூர் அதற்கு முன்னால் தரைமட்டம் மாதிரிதான். அந்த 1,300 கிலோவை மேலே தூக்குவதற்கு மட்டும், இன்ஜின் வெப்பமாக வீணாக்குவதையும் சேர்த்தால், இரண்டரை லிட்டர் பெட்ரோல் வேண்டும். சமதரையில் 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கக்கூடிய எண்ணெய் அது. இதற்கு மேல், அந்தத் தூரத்தை ஓடுவதற்கான வழக்கமான செலவு தனி. மலைக்குப் போகும் வழியில் கோம்பாக் டோல் தாண்டும்போது 150 காட்டிய கார், மேலே போய்ச் சேர்வதற்குள் 60, 70க்கு வந்துவிட்டால் அதில் அதிசயம் எதுவும் இல்லை. டேங்க் ஒழுகவில்லை, யாரும் திருடவில்லை.

இறங்கும்போது வேடிக்கையைப் பாருங்கள். கியரில் விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும். சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் எண்ணெய் சொட்டுக்கூடப் போகாது. சராசரி கிடுகிடுவென்று ஏறும். கீழே வந்து சேரும்போது, மேலே இருந்ததைவிட அதிக கிலோமீட்டர் காட்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் நியூட்ரலில் விட்டு இறங்குகிறார்கள். அது இரண்டு விதத்தில் தப்பு. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்க எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும். அதோடு வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதும் பிரேக் தலையில் விழும். அப்படிச் சூடேறிக் கருகிய பிரேக்கை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். அந்த வாடை சட்டையைவிட்டு லேசில் போகாது.

மலையைவிட மோசமானது ஜாம். தைப்பூசத்துக்குப் பத்துமலைப் பக்கம் மாட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஏர்கோன் போட்டுக்கொண்டு சும்மா நின்றாலே, சிறிய கார் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கலாம். நகராமலேயே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய்விட்டது என்று அர்த்தம். இதில் இன்னொரு வம்பு. தூரத்தை வைத்துச் சராசரி எடுக்கிற கார்களில், நிற்கும்போது எண் அசையாமல் இருக்கும். பிறகு கொஞ்சம் நகர்ந்ததும் சேர்த்து வைத்து ஒரே குதியாகக் கீழே இறங்கும். பினாங்குப் பாலத்தில் சாயங்கால நேரத்தில் இப்படி நடந்தால் என்ன செய்வது? பாலம் 13.5 கிலோமீட்டர், நடுவில் எண்ணெய் நிலையம் கிடையாது. 20 காட்டுகிறதே, போதும் என்று பிறை பக்கமிருந்து பாலத்தில் ஏறுவது என்னைக் கேட்டால் சூதாட்டம். அதற்குக் கெந்திங் கசினோவுக்கே போய்விடலாம்.

அப்புறம் நம்மில் பலருக்கு இருக்கும் பழக்கம், பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று ஊற்றுவது. 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 என்ற அரசாங்க மானியத் திட்டத்தில் மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்குக் கிடைத்தது. அந்த விலையில் பத்து வெள்ளிக்கு ஐந்து லிட்டர். கொஞ்சமாக எண்ணெய் ஊற்றினால் இந்த எண் மாறாமல் போகலாம் என்று டொயோட்டா கையேடுகளிலேயே எழுதியிருக்கிறார்கள். சாவியை அணைக்காமல் ஊற்றினாலும் அதே கதி. காரணம் எளிது. வளைவில் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் எண்ணெய் உள்ளே அலைமோதும். அதற்கெல்லாம் எண் ஆடக்கூடாது என்று சின்ன மாற்றங்களைக் கண்டுகொள்ளாதபடி அமைத்திருக்கிறார்கள். நீங்கள் ஊற்றிய ஐந்து லிட்டரையும் அது அலை என்று நினைத்துவிட இடமுண்டு. அதனால் எண்ணெய் நிலையக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கவுண்டரில் போய்க் கத்துவதற்கு முன்னால், காரை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள்.

சரி, சைபர் காட்டினால் உண்மையிலேயே சைபரா? பெரும்பாலும் இல்லை. கம்பெனிகள் அடியில் கொஞ்சம் எண்ணெயைக் கணக்கில் காட்டாமல் வைக்கின்றன. சில கார்களில் எண் போய்ச் சின்னக் கோடுகள் வந்துவிடும். அந்த மறைந்த அளவு எவ்வளவு என்பது காருக்குக் கார் வேறுபடும், அதை நம்பிப் பயணம் போட முடியாது. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, அதைக் குளிரவைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டினால் பம்ப் காற்றை உறிஞ்சிச் சூடாகும். பம்ப் மாற்றும் செலவு எனக்கு வருமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

உங்கள் கார் எவ்வளவு மிகைப்படுத்துகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். பம்ப் முதல் தடவை 'டக்' என்று நிற்கும் வரை ஊற்றுங்கள், அதற்கு மேல் அழுத்தி நிரப்பாதீர்கள். டிரிப் மீட்டரைச் சைபராக்குங்கள். வழக்கம்போல் ஓட்டுங்கள். அடுத்த முறை அதே பம்பில், அதே 'டக்' வரை ஊற்றி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். மீட்டர் லிட்டருக்கு 16 என்றது, உங்கள் கணக்கில் 15 வந்தது என்றால், அது காட்டும் 160 கிலோமீட்டரை 150 என்றே எடுத்துக்கொள்ளலாம். நான் பார்த்த கார்களில் மீட்டர் கொஞ்சம் நல்லபிள்ளையாகவே பேசுகிறது. இதை ஒரு தடவையோடு விடாமல் நாலைந்து முறை செய்தால்தான் சரியான அளவு பிடிபடும். தொழிற்சாலை அளவைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால், காட்டும் தூரமும் மாறிப்போகும்; அப்படி மாட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

என்னைக் கேட்டால், கிலோமீட்டருக்குப் பதிலாக மிச்சமிருக்கும் லிட்டரைக் காட்டியிருக்கலாம். ஐந்து லிட்டர் இருக்கிறது என்றால், எங்கே போகிறோம், எத்தனை பேர் இருக்கிறோம், ஜாம் இருக்குமா என்று நாமே யோசித்துக்கொள்வோம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பேட்டரியில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது, கிலோமீட்டர் எண்ணைப் பார்ப்பதைவிட நல்லது.

பெருநாளுக்கு வடக்கே போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் காரின் கையேட்டில், எச்சரிக்கை விளக்கு எத்தனை லிட்டரில் எரியும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்த பிறகு கிலோமீட்டர் எண்ணை மறந்துவிட்டு, அந்த லிட்டரை லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்றே கணக்குப் போடுங்கள். அதற்குள் ஓர் எண்ணெய் நிலையம் வராது என்று தெரிந்தால், முந்தின ஓய்வுத்தளத்திலேயே வரிசையில் நின்றுவிடுங்கள், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும். நன்றி, வணக்கம்.