தென் சென்னை ஏன் அடிக்கடி தனி வழியில் போகிறது? 1952 முதல் 2024 வரை

[திரையில்: சென்னை வரைபடம். மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளும் மூன்று நிறங்களில்.]

சென்னை திமுகவின் கோட்டை என்று டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரைக்கும் எல்லாரும் சொல்வார்கள். வட சென்னைக்கும் மத்திய சென்னைக்கும் அது பெரும்பாலும் பொருந்தும், ஆனால் தென் சென்னைக்கு வந்தால் கொஞ்சம் உதைக்கும். 1957, 1962, 1977, 1984, 2009 ஆகிய ஐந்து பொதுத் தேர்தல்களில் வட சென்னைக்காரர்கள் ஒரு பக்கம் ஓட்டுப் போட, இவர்கள் இன்னொரு பக்கம் போட்டிருக்கிறார்கள்.

இதற்கு ரெடிமேடாக ஒரு பதில் இருக்கிறது: "அது படித்தவர்கள் தொகுதி சார், மயிலாப்பூர், தி.நகர் ஆட்கள் யோசித்து ஓட்டுப் போடுவார்கள்." அப்படியென்றால் ராயபுரத்தில் யோசிக்காமலா போடுகிறார்கள்? இந்தப் பதிலை நான் பாதிதான் ஏற்றுக்கொள்வேன். மீதிப் பாதி கூட்டணிக் கணக்கும் தொகுதியின் எல்லைக் கோடும்தான்.

[திரையில்: கறுப்பு வெள்ளையில் பழைய மதராஸ்.]

1952இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது மதராஸ் நகரத்துக்கு ஒரே ஒரு மக்களவைத் தொகுதிதான். ஜெயித்தவர் காங்கிரஸின் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. ஆழ்வார்ப்பேட்டை வழியாகப் போகும்போது டி.டி.கே. சாலை வருமே, ஒரு காலத்தில் மௌபரீஸ் ரோடு, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். 1957இல் நகரம் வடக்கு, தெற்கு என்று இரண்டு தொகுதியானது. டி.டி.கே. தெற்கில் நின்று ஜெயித்தார். வடக்கிலோ தொழிற்சங்கத் தலைவர் அந்தோணிப் பிள்ளை சுயேச்சையாக ஜெயித்துக் காங்கிரஸுக்கு அதிர்ச்சி கொடுத்தார். மில், துறைமுகம், தொழிலாளர் குடியிருப்பு என்று வடக்கு ஒரு மாதிரி, அரசு அலுவலர், வக்கீல், வியாபாரி என்று தெற்கு வேறு மாதிரி. அந்தப் பிரிவினை, நகரம் இரண்டு தொகுதியான முதல் தேர்தலிலேயே தெரிந்துவிட்டது.

நிதியமைச்சராக இருந்த டி.டி.கே. அடுத்த ஆண்டே, 1958 பிப்ரவரியில், பதவி விலக நேர்ந்தது. எல்.ஐ.சி. பணத்தை முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் போட்ட விவகாரம். நேருவின் மருமகன் பெரோஸ் காந்தியே நாடாளுமன்றத்தில் எழுந்து கிழிகிழியென்று கிழித்தார்.

1962இல் நிலைமை தலைகீழ். வடக்கில் காங்கிரஸ் ஜெயிக்க, தெற்கில் திமுகவின் நாஞ்சில் கி. மனோகரன் ஜெயித்தார். கவனியுங்கள், மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி தொடர்ந்த தேர்தல் அது, அண்ணாவே காஞ்சிபுரத்தில் சட்டமன்றத்துக்கு நின்று தோற்ற தேர்தல். அந்த ஆண்டில் "படித்தவர்கள் தொகுதி" திமுகவுக்குப் போனது. பேச்சாலும் பத்திரிகையாலும் வளர்ந்த கட்சிக்கு நகரத்து நடுத்தர வர்க்கம்தான் முதலில் மயங்கியது என்று நான் நினைக்கிறேன், அப்போதைய மாணவர்கள், குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள்.

[திரையில்: 1967.]

இந்தத் தொகுதியின் சரித்திரத்தில் ஒரே ஒரு தேர்தலைப் பற்றித்தான் பேச நேரம் இருக்கிறது என்றால், நான் 1967ஐ எடுப்பேன். 1962 தோல்விக்குப் பிறகு மாநிலங்களவைக்குப் போயிருந்த அண்ணா, 1967இல் சட்டமன்றத்துக்கு நிற்கவே இல்லை. மக்களவைக்குத் தென் சென்னையில் நின்றார். தானே முதல்வராகப் போகிறோம் என்று கணக்குப் போட்டவர் எடுக்கிற முடிவு மாதிரியா இருக்கிறது? இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது, அரிசித் தட்டுப்பாடு ஊரையே எரிச்சல்படுத்தி வைத்திருந்தது, "ரூபாய்க்கு மூன்று படி" வாக்குறுதி தெருத்தெருவாக ஒலித்தது, போதாக்குறைக்கு ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட, கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் சுவர் சுவராக ஏறியது. முடிவு வந்தபோது விருதுநகரில் காமராஜர் தோற்றிருந்தார், ஸ்ரீபெரும்புதூரில் முதல்வர் பக்தவத்சலம் தோற்றிருந்தார், போட்டியிட்ட 25 மக்களவைத் தொகுதிகளிலும் திமுக ஜெயித்திருந்தது.

ஆக, மார்ச் 6ஆம் தேதி முதல்வராகப் பதவியேற்ற அண்ணா, ஓட்டு வாங்கியது தென் சென்னை எம்.பி.யாக. எம்.பி. பதவியை விட்டுவிட்டு மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். காலியான இடத்துக்கு அதே ஆண்டு இடைத்தேர்தல் நடந்தது. அதில் ஜெயித்து முதன்முறையாக டெல்லிக்குப் போனவர் முரசொலி மாறன். பிற்பாடு மத்திய சென்னையின் அடையாளமாக ஆன குடும்பத்தின் நாடாளுமன்றக் கணக்கு தொடங்கியது தென் சென்னையில்தான், இது பலருக்கு ஞாபகமே இருக்காது. 1971இலும் மாறனே ஜெயித்தார்.

1977. மத்திய சென்னை என்று மூன்றாவது தொகுதி புதிதாக வந்த தேர்தல். நெருக்கடி நிலையில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டு, மாறன் மிசாவில் உள்ளே போய் வந்திருந்தார். வடநாடு முழுக்க இந்திராவுக்கு எதிராகப் புரண்டது. தமிழ்நாட்டில் நேர் எதிர், அதிமுகவும் காங்கிரஸும் கைகோத்துப் பெரும்பாலான இடங்களை அள்ளின. அப்போதும் வட சென்னை திமுகவுக்கும், மத்திய சென்னை அதன் கூட்டணியில் நின்ற பா.ராமச்சந்திரனுக்கும் போனது. தென் சென்னை மட்டும் மாறனைத் தோற்கடித்து, காங்கிரஸின் ஆர்.வெங்கட்ராமனை அனுப்பியது.

இங்கேதான் கூட்டணிக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆர்.வி. சும்மா வந்தவர் இல்லை, காமராஜர் காலத்துத் தொழில்துறை அமைச்சர், கிண்டி தொழிற்பேட்டை என்றால் அவர் பெயரும் சேர்ந்தே வரும். அவருக்கென்று ஒரு ஓட்டு உண்டு. அதோடு மயிலாப்பூர், தி.நகர் பக்கத்தின் பழைய காங்கிரஸ் ஓட்டும், குடிசைப் பகுதிகளிலும் புறநகரிலும் எம்.ஜி.ஆருக்கு விழுந்த ஓட்டும் ஒரே பெட்டிக்கு வந்துவிட்டன. இரண்டும் தனித்தனியாக இருந்தால் திமுகவோடு மல்லுக்கட்டலாம், சேர்ந்தால் ஜெயித்துவிடும். என் கணிப்பில் தென் சென்னையின் "தனி குணம்" என்பது பெரிதும் இந்தக் கூட்டல்தான்.

1980இல் கூத்தைப் பாருங்கள். இப்போது இந்திரா காங்கிரஸும் திமுகவும் கூட்டணி. மூன்று ஆண்டுக்கு முன்னால் ஆர்.வி.யைத் தோற்கடிக்கப் பாடுபட்ட திமுக தொண்டர்கள் அதே ஆர்.வி.க்குச் சுவர் எழுதினார்கள். அவர் ஜெயித்து நிதியமைச்சர், பிறகு பாதுகாப்பு அமைச்சர், 1984இல் குடியரசுத் துணைத் தலைவர், 1987இல் குடியரசுத் தலைவர்.

[திரையில்: நாடாளுமன்றம் ஒரு பக்கம், கச்சேரி மேடை ஒரு பக்கம்.]

1984 டிசம்பர். இந்திரா படுகொலை நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில். அதிமுக, காங்கிரஸ் அணிக்கு அனுதாப அலை. தென் சென்னையில் ராஜீவ் நிறுத்தியது நடிகையும் நடனக் கலைஞருமான வைஜெயந்திமாலா பாலியை. எதிரே திமுக ஆதரவோடு ஜனதா கட்சியின் இரா.செழியன், நாடாளுமன்ற விவாதம் என்றால் நாடே மதித்த மனிதர். "என்னை லோக் சபாவுக்கு அனுப்புங்கள், அவரை ஆர்.ஆர். சபாவுக்கு அனுப்புங்கள்" என்பது அவர் தரப்பின் கோஷம் என்று இன்றும் பேசிக்கொள்வார்கள். ஆர்.ஆர். சபா மயிலாப்பூரில் இருக்கும் ரசிக ரஞ்சனி சபா. கேலி நன்றாகத்தான் இருந்தது, ஓட்டு விழவில்லை. வைஜெயந்திமாலா ஜெயித்தார், 1989இல் ஆலடி அருணாவையும் வென்றார், 1993இல் நியமன உறுப்பினராக மாநிலங்களவைக்கும் போனார். அவருக்கு இரண்டு சபாவும் கிடைத்தது.

"படித்தவர்கள் தொகுதி" வாதத்தில் எனக்கு நம்பிக்கை குறைவதற்கு முக்கியக் காரணம் இந்தத் தேர்தல். தகுதியைப் பார்த்துத்தான் இங்கே ஓட்டு என்றால் செழியன் தோற்றிருக்கக் கூடாது. அதே 1984 அலையில் வட சென்னையும் மத்திய சென்னையும் அசராமல் திமுகவையே தேர்ந்தெடுத்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1991 ராஜீவ் கொலைக்குப் பிந்தைய தேர்தல், 39க்கு 39 அதிமுக, காங்கிரஸ் அணிக்கு, தென் சென்னையில் அதிமுகவின் ஆர்.ஸ்ரீதரன். சரி, மேலே போவோம்.

1996இலிருந்து 2004 வரை நான்கு தேர்தல், நான்கிலும் திமுகவின் டி.ஆர்.பாலு. ஆள் ஒருவர்தான், சுற்றி நின்ற அணி மாறிக்கொண்டே இருந்தது: 1996இலும் 1998இலும் மூப்பனாரின் தமாகா, 1999இல் பாஜக, 2004இல் காங்கிரஸ். 1998இல் அவரிடம் தோற்றவர் பாஜகவின் ஜனா கிருஷ்ணமூர்த்தி. சில ஆண்டு கழித்து வாஜ்பாய் அமைச்சரவையில் பாலு சுற்றுச்சூழல் அமைச்சர், ஜனா கிருஷ்ணமூர்த்தி சட்ட அமைச்சர், இருவரும் ஒரே மேஜையில். 2004இல் பாலு அதிமுகவின் பதர் சயீதை வென்று தரைவழிப் போக்குவரத்து, கப்பல் துறை அமைச்சரானார்.

[திரையில்: பழைய எல்லை மங்கி, புதிய எல்லை தெரிகிறது.]

இனி எல்லைக் கோடு. 2008 மறுவரையறையில் ஆலந்தூரும் தாம்பரமும் தென் சென்னையிலிருந்து பிரிந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போயின. அதுவரை பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் பொதுத் தொகுதியானது. பாலு என்ன செய்தார்? 2009இல் ஸ்ரீபெரும்புதூரில் போய் நின்று ஜெயித்தார். இங்கே மயிலாப்பூர், தி.நகர், சைதாப்பேட்டையோடு விருகம்பாக்கம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்ற மூன்று புதிய சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தன. அந்த முதல் தேர்தலிலேயே தென் சென்னை மறுபடி தனி வழி: வடக்கும் மத்தியும் திமுகவுக்கு, தெற்கு மட்டும் அதிமுகவின் சி.ராஜேந்திரனுக்கு. திமுகவின் ஆர்.எஸ்.பாரதி தோற்றது சுமார் 33 ஆயிரம் ஓட்டில். தேமுதிக தனியாக நின்று அதைவிட அதிகமாக ஓட்டு வாங்கியது.

2014இல் மாநிலமே அதிமுக பக்கம், இங்கே அமைச்சராக இருந்த ஜெயக்குமாரின் மகன் ஜெயவர்தன், இருபதுகளில் இருந்த இளைஞர், ஜெயித்தார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மூன்றாம் இடம்: பாஜகவின் இல.கணேசன் இரண்டரை லட்சத்துக்கும் மேல் வாங்கினார். 2019இல் திமுகவின் தமிழச்சி தங்கபாண்டியன், கவிஞர், ராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர், இரண்டரை லட்சத்தைத் தாண்டிய வித்தியாசத்தில் ஜெயவர்தனை வென்றார். அப்போது மூன்றாம் இடம் கமலின் மக்கள் நீதி மய்யத்துக்கு, சுமார் 1.35 லட்சம் ஓட்டு. 2024இல் அதே தமிழச்சி 5,16,628, ஆளுநர் பதவியை விட்டு வந்த பாஜகவின் தமிழிசை 2,90,683, வித்தியாசம் 2,25,945. ஜெயவர்தன் மூன்றாமிடம், டெபாசிட்டும் போனது.

அதாவது கழகங்களுக்கு வெளியே ஓட்டுப் போடத் தயாராக ஒரு கூட்டம் இங்கே இருந்துகொண்டே இருக்கிறது, ஒருமுறை தாமரைக்கு, ஒருமுறை டார்ச் லைட்டுக்கு. ஆனால் அது இரண்டாம், மூன்றாம் இடத்தைத் தீர்மானிக்கிறதே தவிர, முதல் இடத்தைத் தனியாகத் தீர்மானித்ததில்லை.

[திரையில்: ஓ.எம்.ஆர்., பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள்.]

தென் சென்னை என்றதும் கேமராக்காரர்கள் இன்னும் கபாலீஸ்வரர் கோயில் குளத்தைத்தான் காட்டுகிறார்கள். ஓட்டு இருப்பது வேறு இடத்தில். சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதியில் மட்டும் 2024இல் ஆறு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள், தமிழ்நாட்டிலேயே பெரியது. மொத்தத் தொகுதியில் சுமார் 20 லட்சம் பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட அங்கேதான். 2001 மக்கள்தொகையை வைத்து வரைந்த கோடு அது, அப்போது ஓ.எம்.ஆர்., அதாவது பழைய மகாபலிபுரம் சாலை, இந்த ஓ.எம்.ஆர். இல்லை. அங்கே யார் இருக்கிறார்கள்? ஐ.டி. கம்பெனி அடுக்குமாடிவாசிகள், இ.சி.ஆர். மீனவர் குப்பங்கள், நகரத்துக் கரையோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டுக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றப்பட்ட குடும்பங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றித் தண்ணீர் ஏறினால் எல்லாருக்கும் ஒரே பிரச்சினை, மற்ற நாளில் அவரவருக்கு அவரவர் பிரச்சினை. இவர்களை ஒரே "படித்தவர்கள்" பட்டியலில் எப்படிப் போடுவது?

போட்டாலும், அந்தப் படித்தவர்கள் வாக்குச்சாவடிக்கு வர வேண்டுமே. 2024இல் மாநிலம் 69 சதவீதத்தைத் தாண்டியபோது தென் சென்னையில் பதிவானது சுமார் 54 சதவீதம். வட சென்னை 60ஐ எட்டியது. ஊருக்கு ஊர் பெயர் மாற்றாமல் வைத்திருப்பதும், ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் பெயர் இருப்பதும் இந்தக் கணக்கில் உண்டு, எல்லாவற்றையும் சோம்பேறித்தனத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

உங்கள் தெரு எப்படி ஓட்டுப் போட்டது என்று தெரிய வேண்டுமா? படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது, பூத் வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் வரும், தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் ஏரியாவில் எதிர்பாராத முடிவு இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோ வட சென்னை, அந்தோணிப் பிள்ளையிலிருந்து தொடங்குவோம்.