அம்மி எந்தப் பக்கம் நகர்கிறது?

நடுவர் அண்ணாச்சி அவர்களே, கோயில் கொடைத் திருவிழா பார்க்க வந்த இடத்தில் வில்லுப்பாட்டு தொடங்குகிற வரைக்கும் எங்களையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்து ஒருத்தனை ஒருத்தன் கிள்ளிக்கொண்டிருக்கிற என் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குப் படிப்பு நிலைப்பது வகுப்பறைப் பாடத்தாலா, வீட்டுப்பாடத்தாலா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா வீட்டுப்பாடத்துக்காக மூன்று விஷயம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அடி மேல் அடி அடித்தால்தான் அம்மி நகரும் என்றார்கள். வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் பிள்ளை செல்போனும் கையுமாகத்தான் கிடக்கும் என்றார்கள். ரெண்டு வாத்தியார் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்கிற கிராமத்துப் பள்ளியில் வகுப்பறையை மட்டும் நம்பினால் பிள்ளை கரைசேருமா என்று கேட்டார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு நானும்தான் கைதட்டினேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் சேரன்மகாதேவிப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். வகுப்பில் 28 பிள்ளைகள். அடுக்கடுக்காகப் பேச எனக்கு வராது. போன வாரம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன், நடுவர் பார்த்துக்கொள்ளட்டும்.

வாரம் தொடங்கும்போதே ஒரு தப்போடுதான் தொடங்கினேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கடன் வாங்கிக் கழித்தலை அரைகுறையாக நடத்திவிட்டு, மணி அடித்ததும் 20 கணக்கை வீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை ஒரு பையன் நோட்டை நீட்டினான். மார்ஜின் கோடு, அடிக்கோடு எல்லாம் போட்டு இருபதும் செய்திருந்தான். இருபதும் தப்பு. 52-இல் 27 போனால் 35 என்று எழுதியிருந்தான். "எப்படிலே 35 வந்துச்சு?" என்று கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாதுல்லா சார், அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சிட்டேன்" என்றான்.

இது கவனக்குறைவு இல்லை, அண்ணாச்சி. அவனிடம் ஒரு விதி இருக்கிறது: பெரியதில் இருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும். அந்த விதியை அவனுக்குக் கொடுத்ததே நாங்கள்தான், ஒற்றை இலக்கக் கழித்தலில். அதை இவன் ரெண்டு இலக்கத்துக்கும் கொண்டுவந்துவிட்டான். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் உட்கார்ந்து அந்தத் தப்பை இருபது தடவை பழகியிருக்கிறான். அக்கா சொன்ன அம்மி நகரத்தான் செய்தது. எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

அன்றைக்குக் காலையில் அந்த நோட்டை மூடி வைத்துவிட்டுத் தென்னை ஈர்க்குச்சியை எடுத்தேன். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட கட்டு ஐந்து, உதிரி ரெண்டு. ஆக 52. "இதுல 27 எடுத்து எனக்குத் தா" என்றேன். ரெண்டு கட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். உதிரி ரெண்டையும் கொடுத்துவிட்டான். இன்னும் ஐந்து வேண்டும். கையில் இருப்பதெல்லாம் கட்டு. கொஞ்ச நேரம் நின்றான். நான் வாயைத் திறக்கவில்லை. வாத்தியாருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. அப்புறம் ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவனே கழற்றினான், ஐந்து குச்சியை எண்ணிக் கொடுத்தான், மிச்சத்தைப் பார்த்தான், "அய்ய, இருபத்தஞ்சுதான் சார்" என்றான். வீட்டுப்பாட நோட்டில் நான் சிவப்பு மையால் இருபது பெருக்கல் குறி போட்டிருந்தால் இந்த "அய்ய" வந்திருக்குமா?

செவ்வாய்க்கிழமை சொல்வதை எழுதுதல். நம்ம ஊர் நாக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. ழகரம் நம் வாயில் ளகரமாகத்தான் விழும். வாளப்பளம் என்றுதான் கடையில் கேட்போம், கடைக்காரரும் தப்பாமல் கொடுப்பார். ஆனால் எழுத்தில் அது செல்லாது. பாதிப் பிள்ளைகள் 'மளை' என்று எழுதியிருந்தார்கள். என் சர்வீசில் பத்து வருஷம் இதற்கு நான் செய்த வைத்தியம், பத்துத் தடவை எழுதி வா என்பதுதான். ஒருநாள் ஒரு பிள்ளை எழுதுவதை எதேச்சையாகப் பார்த்தேன். பத்து வரிக்கும் முதலில் 'ம' மட்டும் மேலிருந்து கீழே, பொங்கலுக்குக் கரும்பு நட்ட மாதிரி. அப்புறம் திரும்ப மேலே வந்து 'ழை' மட்டும் பத்து. வேலை சீக்கிரம் முடியும் பாருங்கள். அந்தப் பிள்ளை பத்து தடவை எழுதியதில் ஒரு தடவைகூட 'மழை' என்று எழுதவில்லை. சிரிக்காதீர்கள், இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப்பேர் அப்படி எழுதி வந்தவர்கள்தான். நானும்தான்.

இப்போது அதை விட்டுவிட்டேன். ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்து, நாக்கு எங்கே மடங்குகிறது பார் என்றால் வகுப்பே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது. சத்தம் பக்கத்து வகுப்பு டீச்சருக்குத்தான் தொந்தரவு.

புதன்கிழமைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும்.

அன்றைக்கு நீர்நிலைகள் பற்றிய பாடம். "நம் பகுதி அணைகளைப் பற்றிச் சார்ட் செய்து வா" என்று முந்தின வாரமே சொல்லியிருந்தேன். வந்த சார்ட்டுகளைப் பார்க்க வேண்டுமே! தெர்மாகோல், பளபளக்கிற நீலத்தாள், கம்ப்யூட்டர் எழுத்து. ஒன்றில்கூடப் பிள்ளையின் கைரேகை இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் அந்த வாரம் அணைகளைப் பற்றி நன்றாகப் படித்திருப்பார். ஒரு சார்ட்டில் பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு அணை 118 அடி என்று சரியாகவே இருந்தது. பேப்பரில் தினமும் நீர்மட்டம் பார்க்கிற அப்பா எழுதியிருக்கிறார். நான் அந்தப் பிள்ளையைக் கேட்டேன், "143 அடின்னா என்னம்மா?" அவள் என்னைப் பயந்துபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "யாரை சார் அடிச்சாங்க?"

பாருங்கள், வீட்டுப்பாடம் நூற்றுக்கு நூறு. பிள்ளைக்கு அடி என்றால் முதுகில் விழுவது மட்டும்தான்.

எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். ஓர் அடிக்கு ஒரு முடிச்சாகப் பத்தடிக் கயிறு ஒன்று தயார் செய்தோம். அணையைத் தரையில் படுக்கப்போட்டு அளப்போம் என்றேன். கொடிக்கம்பத்தில் இருந்து தொடங்கினோம். பதினொரு கயிறும் எட்டு முடிச்சும் போனதும் வேப்பமரம் வந்தது. மணிமுத்தாறு முடிந்தது, சுண்ணாம்பால் கோடு போட்டோம். பாபநாசம் இன்னும் போகிறது. கேட்டைத் தாண்டி, வாய்க்கால் கரை ஏறி, டீக்கடை பெஞ்சில் போய் முட்டிக்கொண்டது. பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் காலைத் தூக்கி அணைக்கு வழிவிட்டார். பிள்ளைகள் அங்கே நின்று கொடிக்கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்குமா என்று அப்போதுதான் ஒவ்வொருத்தர் முகத்திலும் ஏறியது.

அப்புறம்தான் கணக்கு. பாபநாசம் மணிமுத்தாறைவிட எத்தனை அடி கூட? 143-இல் 118 போக. மூன்றில் எட்டு போகாது. திங்கட்கிழமை ரப்பர் பேண்டைக் கழற்றிய அதே பயல், வேப்பமரத்தடியில் குச்சியால் மண்ணில் எழுதி 25 என்றான். இன்னொருத்தன் 35 என்றான். சண்டை வந்தது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை, கயிற்றைக் கொடுத்தேன். வேப்பமரத்தில் இருந்து டீக்கடை பெஞ்சு வரைக்கும் அளந்தார்கள். ரெண்டு கயிறும் ஐந்து முடிச்சும். 35 சொன்னவன் கயிற்றைச் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை அளந்தான். அவன் அப்படித்தான் செய்ய வேண்டும், அக்கா. வீட்டுப்பாட நோட்டில் அவனுக்குச் சந்தேகப்பட யார் கிடைப்பார்கள்?

வியாழக்கிழமை வாசிப்பு. அது வழக்கம்போல நடந்தது, விட்டுவிடுகிறேன். அன்று சாயங்காலம், ரப்பர் பேண்டைக் கழற்றிய அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். முக்கூடல், வீரவநல்லூர்ப் பக்கத்தவர்களுக்கு நான் வீட்டை வர்ணிக்க வேண்டியதில்லை. ஒற்றை அறை, ஒரு டியூப் லைட். அம்மா மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றினால்தான் கட்டுப்படியாகும். லைட்டு அவளுக்கா, இவன் நோட்டுக்கா? என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் போனாள். "இருக்கட்டும்மா" என்றேன். "சார், நான் எட்டாங்கிளாஸோட நின்னவ. கூட உக்காந்து சொல்லித்தர எனக்கு நேரமும் இல்ல, தெரியவும் இல்ல. டியூஷன் போடணுமா சார்?" என்று கேட்டாள். நான் கொடுத்த இருபது கணக்கு அந்த வீட்டில் போய் என்னவாக விழுந்திருக்கிறது பாருங்கள்: ஒரு டியூஷன் ஃபீஸாக.

வீட்டில் பிள்ளை ஒன்றுமே கற்காது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பயல் 25, 50, 75, 100 என்று கட்டுக் கணக்கை மடமடவென்று சொல்கிறான். கட்டுக்கு 25 பீடி, ஆயிரத்துக்கு 40 கட்டு. எந்த வாய்ப்பாட்டில் படித்தான்? வீடு கற்றுக்கொடுக்கும். நான் தூக்கி வீட்டுக்கு எறிகிற பாடம்தான் கற்றுக்கொடுக்காது. ரெண்டையும் எதிரணி ஒன்றாகக் குழப்பிவிட்டார்கள் என்பதுதான் என் வழக்கு.

வெள்ளிக்கிழமை ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். ஒரு வீட்டுப்பாட நோட்டைப் பார்க்க ஒரு நிமிஷம், அதுவும் டிக் அடிக்க மட்டும். 28 பிள்ளைகள், ஐந்து நாள், 140 நிமிஷம். நாற்பது நிமிஷப் பாடவேளை மூன்றரை போச்சு. நான் அதே நேரத்தில் ஈர்க்குச்சிக் கட்டைத் திரும்ப அவிழ்த்திருக்கலாம்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகளின் படிப்புச் சுமையை ஆராய்ந்த யஷ்பால் குழு 1993-லேயே, தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடம் வேண்டாம், சுற்றுப்புறத்தைப் பார்த்து வரச் சொல்வதோடு நிறுத்துங்கள் என்றது. மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பற்றிய வழக்கில் 2018-இல் சென்னை உயர்நீதிமன்றம், ஒன்றாம் வகுப்புக்கும் ரெண்டாம் வகுப்புக்கும் வீட்டுப்பாடம் கூடாது என்றது. 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் போதும் என்கிறது. வாரத்துக்கு, அக்கா. ராத்திரிக்கு இல்லை.

செல்போன் விஷயம். வீட்டுப்பாடத்தைச் சீக்கிரம் முடி, செல்போன் தருகிறேன் என்றுதானே இப்போது வீட்டுக்கு வீடு பேரம் நடக்கிறது? பிறகு அது எப்படிச் செல்போனுக்கு மருந்தாகும்?

இனி அந்த மூன்றாவது கேள்வி. ரெண்டு வாத்தியார், ஐந்து வகுப்பு. நானும் அப்படி ஒரு பள்ளியில் ஆறு வருஷம் இருந்தவன். அக்கா சொன்ன சிரமம் உண்மை, மறுக்க மாட்டேன். சில நாள் ஒரு வகுப்பைப் பார்த்தால் இன்னொரு வகுப்பு கூரையைப் பிரித்துவிடும். ஆனால் அங்கே எனக்குக் கைகொடுத்தது வீட்டுப்பாடம் இல்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை செய்த வேலை அது. பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது மெட்ராஸ் முறை என்ற பெயரிலேயே இங்கிலாந்து வரைக்கும் போயிருக்கிறது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து பிள்ளைகள் பின்தங்கியபோது அரசாங்கம் என்ன செய்தது? 2021-இல் இல்லம் தேடிக் கல்வி என்று தெருவுக்குத் தெரு தன்னார்வலரை அனுப்பியது. வீட்டுக்குத் தேவைப்பட்டது ஆள் என்று அதற்கே தெரிந்திருக்கிறது. நோட்டை அனுப்பினால் போதும் என்று விட்டுவிடவில்லை. வாத்தியார் பற்றவில்லை என்றால் வாத்தியாரைக் கேளுங்கள், நானும் கூட வந்து கேட்கிறேன். வாத்தியார் செய்ய வேண்டியதை எட்டாங்கிளாஸோடு நின்ற ஒரு தாயின் சுளகில் வைக்காதீர்கள்.

மணி அடித்துவிட்டார்கள். வில்லுக்காரரும் குடத்தைத் தட்டிப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

போன வாரம் நான் கணக்கில் வீட்டுப்பாடமே கொடுக்கவில்லை. சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன், சுற்றிய பீடியைக் கம்பெனியில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். பீடிக் கணக்கு எழுதுகிற பாஸ் புத்தகத்தை எடுத்துப் பின் அட்டையைக் காட்டினாள். அன்றைக்கு 40 கட்டில் மூன்று கட்டைக் கழித்துவிட்டார்களாம். மகன் பக்கத்தில் நின்று எழுதிப் பார்த்திருக்கிறான். மனக்கணக்காகவே அவளுக்குத் தெரியும், அவன் சொல்லி அவள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும் என்னிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இது வீட்டில் செய்த கணக்குத்தானே என்று அக்கா எழுந்து கேட்பார்கள். ஆமாம். நான் கொடுக்காத கணக்கு. பால்பாயிண்ட் பேனாவால் 40 என்று எழுதி, கீழே 3 எழுதி, அந்த நான்கைக் குறுக்கே அடித்துவிட்டு, அதன் தலைக்கு மேலே சின்னதாக ஒரு மூன்று போட்டிருந்தான்.

வணக்கம்.